மூன்றாவது ஸ்டேஜில் நின்றுபோன மெசின்

கல்முனை பஸாரில் டீவி, போன் ரிப்பேர் செய்கிறேன். ஒருநாள் சம்மாந்துறை பரீதா ராத்தா டீவியில் பூட்டி விளையாடுகிற ஒரு பழைய கேம் மெசினைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பின்னால் அவருடைய கணவர் ஜலீல் காக்கா, வலது கை தொங்கியபடி நின்றார்.

“தம்பி, இவருக்குப் பாரிசவாதம் வந்து கை வழங்குதில்ல. விரலுக்கு வேல குடுக்கச் சொல்லி டொக்டர் சொன்ன. பந்த அமத்தச் சொன்னா வீசி எறியிறாரு. மகன்ட இந்தக் கேமத்தான் ஆசையா விளையாடினாரு. இப்ப அதுவும் மூணாவது ஸ்டேஜில நிண்டுருது. கையவே அசைக்கிறாரில்ல.”

“இது சரிவராது புள்ள, வா போவம்” என்றார் காக்கா.

அந்தப் பேச்சு எனக்குச் சுருக்கென்றது. “இரிங்க காக்கா, இண்டைக்கே செஞ்சு தாறன்” என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

அது ஒரு சூப்பர் ஹீரோ படத்தை வைத்துச் செய்த கேம். முகமூடி வீரன் சுவரில் உதைத்து எதிர்ச்சுவருக்குப் பாய வேண்டும். கொஞ்சம் பிசகினால் குழி. விட்ட இடத்திலிருந்து தொடங்க வழியில்லை. கேம் கசட்டின் பின்களைத் துடைத்தேன், பழைய ஈயப் பற்றுகளைப் புதுப்பித்தேன். இனி மூன்றாவது ஸ்டேஜைத் தாண்டிக் காட்டினால் போதும் என்று நினைத்தேன்.

அங்கே போவதுதான் பெரும்பாடு. எனக்கு இருப்புக் கொள்ளாத சுபாவம். வீரன் குழியில் விழ விழ மண்டை சூடாகியது. ஒவ்வொரு தரமும் சுவிட்சை அமத்தி மெசினை நிறுத்திவிட்டு, ஒரு பிளேன்டீ குடித்து வந்து மறுபடி தொடங்கினேன். ராத்தா வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தார்.

ஒருவழியாக மூன்றாவது ஸ்டேஜ் திறந்தது. அதே நேரம் பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். பாங்கு கேட்டால் எங்கள் பஸாரில் சத்தம் போடுகிற எல்லாவற்றையும் நிறுத்துவோம். என் கை என்னைக் கேட்காமலே போய் மெயின் சுவிட்சை அமத்தி நிறுத்தியது. டீவியோடு கேமும் போனது.

“யா அல்லாஹ்!” என்று தலையில் கைவைத்தேன். காக்கா அப்போதுதான் முதல்முறை சிரித்தார். “தொழுதிட்டு வா தம்பி. நான் விளையாடிப் பாக்கன்.”

தொழுதுவிட்டு வந்து கொன்ட்ரோலரைக் கொடுத்தேன். நடுங்கும் பெருவிரலால் பட்டனை அமத்தினார். ஒரே குழியில் விழுந்துகொண்டே இருந்தார். கோபப்படவில்லை, மெசினை நிறுத்தவும் இல்லை. கடைசியில் முதலாவது ஸ்டேஜிலேயே படம் உறைந்து நின்றது. ராத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் மெசினின் பின்பக்கத்தைத் தொட்டேன். ரொட்டிச் சட்டிபோலச் சுட்டது. பழுது ஸ்டேஜில் இல்லை, மின்சாரத்தைச் சீராக்குகிற ரெகுலேட்டரில்! நேரம் போகப் போக அது சூடேறி மெசினை நிறுத்துகிறது. நான் நிறுத்தி நிறுத்திப் போட்டதில் அது ஆறிக்கொண்டே இருந்திருக்கிறது. பாங்கு மட்டும் கொஞ்சம் பிந்தியிருந்தால், மூன்றாவது ஸ்டேஜைத் தாண்டிக் காட்டி, சரி என்று சொல்லிப் பழுதோடு கொடுத்து அனுப்பியிருப்பேன். பழைய டீவி செட் ஒன்றிலிருந்து நல்ல ரெகுலேட்டர் கழற்றிப் போட்டு, சூட்டை இழுக்கப் பெரிய ஹீட் சிங்க் தகடும் பூட்டினேன்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: சாமானை உங்கள் அவசரத்தில் சோதிக்காதீர்கள். பாவிக்கிறவர் கையில் கொடுத்து, அவர் ஓட்டுகிறபடி ஓடவிட்டுப் பாருங்கள்.

கடை மூடுகிற நேரம் காக்கா மூன்றாவது ஸ்டேஜுக்குள் போனார். வீரன் பாய்ந்தான், குழியில் விழுந்தான்.

“இந்தத் தரம் விழுந்தது நான்தான் புள்ள, மெசின் நிக்கல்ல” என்றார் காக்கா. “கொஞ்சம் இரி, இன்னொருக்கா போடுறன்.”