ரோஸ்லின் அக்காவின் எம்சியும் என் காண்ட்ராக்டும்

ரோஸ்லின் அக்கா இறந்துவிட்டார்.

காலையில் அவருடைய கணவர் போன் பண்ணினார். "போய்ட்டாங்க தம்பி..." நான் அப்போதுதான் பல்கலைக்கழகத்தில் காரை நிறுத்திக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு ஒதுக்கிய இடத்தில், அவர் பெயர்ப்பலகைக்கு நேர் எதிரே.

டாக்டர் ரோஸ்லினைத் தெரியாதவர்களுக்கு... டிகிரி மாணவர்களுக்கு டாக்சிகாலஜி, அதாவது நஞ்சியல் நடத்தியவர். புற்றுநோய் வந்து அவர் நீண்ட எம்சியில், அதாவது மருத்துவ விடுப்பில் போனபோது, அந்தப் பாடத்தை நடத்தத் தற்காலிகமாக எடுக்கப்பட்ட ஆள் நான்.

அவருடைய எம்சி நீண்டால் என் காண்ட்ராக்ட் நீளும். அவர் குணமாகித் திரும்பினால் எனக்கு டாட்டா. எழுதும்போதே அசிங்கமாக இருக்கிறது. ஆனால் என் பிழைப்பு அப்படித்தான் ஓடியது.

பாடத்தை வாங்கிக்கொள்ள முதல்முறை பெர்மாஸ் ஜெயாவில் அவர் வீட்டுக்குப் போனேன். லேப்டாப்பைத் திறக்கவே விடவில்லை. "பசியாறிட்டியா தம்பி? இல்லியா? மொதல்ல தோசையச் சாப்புடு, விஷத்த அப்பறம் பாக்கலாம்."

அவருடைய ஒரு ஸ்லைடில் வெறும் ஒரு கை மட்டும் இருக்கும். நகமெல்லாம் வெளுத்துப் பிளந்து... லாபிஸ் பக்கம் எஸ்டேட்டில் களைக்கொல்லி மருந்தடித்த அவர் அம்மாவின் கை. "எங்கம்மான்னு பசங்ககிட்ட சொல்லிறாத. பாவப்பட்டுக்கிட்டு பாடத்தக் கவனிக்க மாட்டானுங்க."

கோபம் வந்தால்... அலமாக்! கேள்வித்தாளை நான் கொஞ்சம் லேசாக்கியது தெரிந்ததும் போனிலேயே வறுத்தெடுத்துவிட்டார். "இதுங்க நாளைக்கு ஆஸ்பத்திரி லேப்ல போயி நிக்கும். நீ மார்க்க அள்ளிக் குடுத்து நல்ல பேரு வாங்கிக்கிறியா?" மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே திட்டினார். பின்னால் நர்ஸ் அதட்டுவது எனக்குக் கேட்டது.

கீமோ மருந்தும் ஒருவகையில் நஞ்சுதான், புற்றுநோயோடு சேர்த்து முடியின் வேரையும் அடித்துவிடும் என்று நடத்துகிற வாரம் வந்தது. அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம். மொட்டைத்தலை, வாயெல்லாம் சிரிப்பு. "எக்சாம்பிள் வேணும்ல? ஃப்ரெஷ்ஷா இருக்கு, போட்டுக்க."

போட்டேன். "சார், டாக்டர் எப்போ திரும்பி வருவாங்க?" என்று ஒரு பெண் மலாயில் கேட்டாள். சீக்கிரம் வந்துவிடுவார் என்றேன். வாய்தான் சொன்னது.

ஏனென்றால் அப்போது என் மனைவிக்கு ஏழு மாதம்.

செமஸ்டர் விடுமுறையில் ஒருநாள், நான் வீட்டில் குழந்தைக் கட்டிலுக்கு ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தபோது அக்காவின் போன். "தம்பி! ஸ்கேன் கிளியர்லா! அடுத்த செமஸ்டர் நா வந்துர்றேன்!" கத்திக்கொண்டே அழுதார். அழுதுகொண்டே சிரித்தார்.

எனக்கு வாயே திறக்கவில்லை. பாதி பூட்டிய கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஹலோ... ஹலோ? என்னப்பா, லைன் கட்டாயிருச்சா?"

"ஆமாக்கா, இங்க லைன் சரியில்ல" என்றேன். "ரொம்ப சந்தோசம்க்கா."

 பிறகு மெதுவாகச் சொன்னார். "செரி, கவலப்படாத. ஒனக்கு லேப் கிளாஸ் ஏதாச்சும் இருக்குமான்னு நா துறைத் தலைவர்கிட்ட கேட்டுப் பாக்குறேன்."

புரிந்துவிட்டது அவருக்கு. உயிர் பிழைத்த சேதியைச் சொல்லக் கூப்பிட்ட மனுஷி, கடைசியில் எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

செமஸ்டர் தொடங்கப் போகிற சமயம் ஆபிசிலிருந்து கூப்பிட்டார்கள். காண்ட்ராக்ட் நீட்டியாகிவிட்டது, வந்து கையெழுத்துப் போடுங்கள் என்று. துள்ளிக் குதிக்காத குறை. அங்கேயே நின்று மனைவிக்குப் போன் போட்டேன்.

அவள்தான் கேட்டாள். "அப்போ... அக்காவுக்கு என்னங்க?"

சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. நோய் திரும்பி வந்திருந்தது. இந்தமுறை நுரையீரலில்.

அதற்குப் பிறகு பெர்மாஸ் ஜெயா பக்கம் நான் போகவில்லை. மகள் பிறந்த படத்தை அனுப்பினேன், இதயம் ஒன்று போட்டார். "ஒருநாள் பிள்ளையத் தூக்கிட்டு வாயேன்" என்று வாய்ஸ் மெசேஜ் வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே பேசியிருந்தார். வேலை அதிகம்க்கா என்று பதில் போட்டேன்.

என்ன வேலை? அவருடைய வேலை.

இன்று மத்தியானம் ஆபிசிலிருந்து மெசேஜ். இந்த செமஸ்டர் முடியும்வரை தொடர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். அக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் வீட்டுக்குக்கூடக் கொண்டுவரவில்லை. முடியும் என்று உடனே பதில் போட்டுவிட்டேன்.

அக்காவின் கணவர் மறுபடியும் கூப்பிட்டார். "நாளைக்கு சர்ச்சுல நீங்க ரெண்டு வார்த்த பேசணும் தம்பி. ஒங்களப் பத்தி வீட்ல அடிக்கடி பேசுவாங்க, நல்ல பையன்னு..."

சரிங்கண்ணே என்று சொல்லியிருக்கிறேன். ஸ்லைடு, தோசை, கேள்வித்தாள் எல்லாம் அங்கே சொல்லிவிடுவேன். சொல்ல முடியாததை மட்டும் இங்கே எழுதிவிடுகிறேன்.

போய்ட்டு வாங்கக்கா.

அன்னிக்கு லைன் நல்லாத்தான் இருந்துச்சு.