ஓக் கொட்டைப் பிட்டு

ஸ்காபரோவில் நண்பி நீட்டிய ஓக் கொட்டை பிஸ்கட்டை முகர்ந்ததுமே எனக்குக் குமட்டியது. கனடாவுக்கு வருமுன் இங்கிலாந்தில் நாங்கள் ஞாயிறுதோறும் போன ஓக் காட்டில், ஈர இலைகள் காலடியில் மெத்தென்று அமுங்க, எங்கோ உள்ளே புறாக்கள் முனக, நான் பாசி படிந்த வேர்களைத் தடவித் தடவித் திரிவேன். ஒருநாள் அம்மா பை நிறையக் கொட்டை பொறுக்கினார்.

"பனங்கிழங்கைக் காயவைச்சு இடிக்கிற ஒடியல்மா மாதிரித்தான், ஊறப்போட்டாக் கைப்புப் போயிடும்."

ஊறப்போட்ட வாளியில் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. அள்ளி எறிந்துவிட்டு, மிச்சத்தை இடித்துப் பிட்டு அவித்தார்.

"சாப்பிடு பிள்ளை, உது இங்கிலீஷ் புழு, சுத்தமானது," என்று அப்பா சிரித்தார்.

ஒரே வாய்தான், வாந்தி. அதற்குப்பின் காட்டுக்கு வரவேமாட்டேன் என்று அடம்பிடித்தேன். இப்போது அதை வெட்டி வீடுகள் கட்டிவிட்டார்களாம். அந்தக் காட்டின் அமைதியை நினைத்துப்பார்க்கத்தான் எனக்கு ஆசை. நினைத்தாலோ வாயெல்லாம் கைக்கிறது.