முள் சரியாகத்தான் நின்றது

எந்தக் கதவைத் திறந்தாலும் அக்கா அடுத்த மூச்சுக்குள் சாத்திவிடுவாள். ஃபிரிட்ஜ், துணி அலமாரி, குளியலறை எல்லாம் ஒன்றுதான். பேசிக்கொண்டே இருப்பாள், கை மட்டும் தன்பாட்டுக்குப் போய்க் கதவைத் தள்ளும். ஃபிரிட்ஜுக்குள் இன்னும் கையை விட்டுக்கொண்டிருக்கிற பிள்ளைகள், "அம்மா, என் கை உள்ள இருக்கு" என்று கத்துவார்கள். இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், இதில் ஒரு மாற்றமும் இல்லை. சுருட்டுக் கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்த பழக்கம் அது.

அக்காவின் வேலையைச் சொன்னால் பலருக்குச் சிரிப்பு வரும். ஈரம் பார்ப்பதுதான் அவள் வேலை. நல்ல சுருட்டு காய்ந்தால் மேல் இலை வெடித்துவிடும். ஈரம் மிஞ்சினால் பூஞ்சை பிடிக்கும், புழு வைக்கும். அதனால் கடையின் உள் அறையில், செடார் என்கிற வாசனை மரத்தின் பலகை பதித்த அலமாரிகளுக்குள் அவற்றை வைத்திருப்பார்கள். ஒவ்வொரு அலமாரியிலும் ஈரத்தைக் காட்டுகிற ஒரு சின்ன வட்ட மானி இருக்கும். அதன் முள் அறுபத்தைந்துக்கும் எழுபதுக்கும் நடுவில் நிற்க வேண்டும். அந்த முள்ளை அங்கேயே நிறுத்தி வைப்பதற்குத்தான் அக்காவுக்குச் சம்பளம். அறையின் சாவி அவள் இடுப்பில் இருக்கும். நான் அதே கடையில் தூசி தட்டுவேன், பெட்டிகளுக்குத் தாள் சுற்றுவேன். முன்பக்கம் ஆட்கள் வந்தால் உள்ளே போய்விடுவேன்.

அக்காவுக்கு முன்னால் அந்த வேலையில் ஒரு ஆள் இருந்தார். அலமாரிக்குள் குளுகுளுவென்று இருக்கிறதே என்று தன் மதியச் சாப்பாட்டு டப்பாவை உள்ளே வைத்துவிட்டார். முதலாளி கதவைத் திறந்தார், மூக்கைச் சுளித்தார், டப்பாவையும் ஆளையும் ஒன்றாக வெளியே அனுப்பினார். கடையில் இந்தக் கதையைச் சொல்லி எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் முன்பெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்கு வாசனை போய்விட்டது. முதலில் யாருக்கும் தெரியவில்லை. ஒரு நாள் நான் அவள் வீட்டுக்குப் போனபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்து, தீய்ந்து, வாசல் வரைக்கும் நாறியது. அவள் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் பாத்திரத்தை இறக்கி வைத்ததும் என்னைப் பார்த்தாள்.

அக்காவின் வீட்டுக்காரர், என் மாமா, வண்டிப் பட்டறையில் வேலை செய்கிறவர். அவர் அதையும் கேலியாக்கினார். "எனக்கு இதுதான்டி பொற்காலம். கிரீஸோட வந்து அப்படியே படுத்தாலும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கிறா."

"கண்ணு இன்னும் நல்லாத்தான் இருக்கு. போய்க் குளிங்க" என்றாள் அக்கா.

மாமா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கடையில மூச்சு விட்றாதடி" என்றாள். வாசனை தெரியாத ஆளைச் சுருட்டு அறையில் யார் வைத்துக்கொள்வார்கள்?

அதிலிருந்து காலையில் கதவைத் திறந்ததும் நான்தான் முதலில் உள்ளே போவேன். தூசித் துணியோடு ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து மோந்து பார்ப்பேன். பூஞ்சை தொடங்கினால் ஈரத் துணியை மூடி வைத்தது போல ஒரு வாடை வரும், கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே. ஒன்றும் இல்லையென்றால் தலையை ஆட்டுவேன். மானி, தண்ணீர், பஞ்சு எல்லாம் அவள். மூக்கு மட்டும் நான். வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அப்போதுதான் நான் மாடிப்படியில் தவறி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டேன். மாவுக்கட்டுப் போட்டு வீட்டில் கிடந்தேன். அந்தச் சமயம் பார்த்துக் கடைக்குப் புது அலமாரி வந்தது.

பழைய அலமாரிகளைப் போல் இரண்டு மடங்கு உயரமாம். கண்ணாடிக் கதவாம். கேப்டனுக்காக வெளியிலிருந்து வரவழைக்கிற சுருட்டுகளை அதில்தான் வைப்பதாம். கேப்டன் என்பவர் கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர். கடையின் மிகப் பழைய வாடிக்கை அவர். முதலாளி அவருக்கு மட்டும்தான் எழுந்து நின்று நாற்காலி போடுவார்.

புது அலமாரியில் வந்ததும் சுருட்டை அடுக்க முடியாது. காய்ந்த மரம் சுருட்டில் இருக்கிற ஈரத்தையே உறிஞ்சிவிடும். முதலில் மரத்துக்கு வயிறு நிறையத் தண்ணீர் கொடுக்க வேண்டும். அக்கா தினமும் ஃபோனில் எனக்குச் சொல்வாள். மானி சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்க, ஒரு மூடியில் ஈர உப்பு வைத்து அதோடு மானியை டப்பாவில் அடைத்து, உப்புக்குக் காட்ட வேண்டிய எழுபத்தைந்தில் முள் நிற்கிறதா என்று பார்த்துவிட்டாள். குழாய்த் தண்ணீர் ஆகாது என்பதால் பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீர் வாங்கினாள். பலகையில் நேராக ஊற்றினால் மரம் முறுக்கிக்கொள்ளும். அதனால் பஞ்சை நனைத்துத் தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"முதல் நாள் முள்ளு குதிச்சு மேல போச்சு. மறுநாள் பாத்தா தொபுக்குன்னு கீழ. மரம் குடிக்குதுடி, தாகத்துல இருந்த மாடு மாதிரி."

"முதலாளி என்ன சொல்றாரு?"

"ஆச்சா ஆச்சான்னு பின்னாலயே வர்றாரு. குழந்தை பொறக்கிறதுக்கு வெளிய நிக்கிற அப்பன் கெட்டான்."

அவள் அவசரப்படவில்லை. பஞ்சைத் திரும்பத் திரும்ப நனைத்து வைத்தாள். கடைசியில் முள் எழுபதுக்குக் கொஞ்சம் கீழே வந்து அசையாமல் நின்றது. மேலும் சில நாள் பார்த்துவிட்டு, "இப்ப அடுக்கலாம்" என்று முதலாளியிடம் சொன்னாள். அன்று அவள் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் ரொம்ப நாளாகக் கேட்டதில்லை. மூக்கில்லாமலும் வேலையைச் செய்துவிட்டோம் என்று நினைத்திருப்பாள்.

கட்டுப் பிரித்து நான் கடைக்குத் திரும்பிய காலையில், அக்கா என் கையைப் பிடித்து அந்த அலமாரிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். உள்ளே சுருட்டுகள் வரிசையாகப் படுத்திருந்தன. "முள்ளைப் பாரு" என்று சொல்லிக் கதவைத் திறந்தாள்.

முள் சரியாகத்தான் நின்றது. ஆனால் உள்ளேயிருந்து வார்னிஷ் வாடை முகத்தில் அடித்தது.

நான் குனிந்து அலமாரித் தட்டின் அடிப்பக்கத்தைத் தடவினேன். வழவழவென்று இருந்தது. சுருட்டு அலமாரியின் உட்புறத்தில் வார்னிஷ் படக்கூடாது. செய்த தச்சர் மேல்பக்கத்தை விட்டுவிட்டு, ஈரத்தில் மரம் கெடாமல் இருக்கட்டும் என்று அடியில் ஒரு பூச்சுக் கொடுத்திருக்கிறார். நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு அது தெரியாது. மூக்குள்ள யாராக இருந்தாலும் முதல் நாளே அலமாரியைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். இவளோ ஈரம் போய்விடக்கூடாதென்று திறந்த வேகத்தில் சாத்திச் சாத்தி அந்த வாடையை உள்ளேயே ஊறவிட்டிருக்கிறாள்.

"என்னடி மூஞ்சியை இப்படி வச்சிருக்க?"

"அக்கா, வார்னிஷ்."

"போடி. வீட்டுல மருந்து நாத்தத்திலயே கிடந்துட்டு வந்திருக்க."

நான் ஒரு சுருட்டை எடுத்து மோந்து பார்த்து, "இதுலயும் ஏறியிருக்கு" என்றேன். அவள் அதைப் பிடுங்கி மூக்கில் வைத்துக்கொண்டாள். பிறகு தலையை அலமாரிக்குள் விட்டு இழுத்து இழுத்து மூச்சு வாங்கினாள். தோள் ஏறி இறங்கியது. வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"மெதுவா எடுத்து வேற இடத்துல வச்சிட்டா? காத்தாட விட்டா போயிடுமா?" என்றாள். அதற்குள் முன்பக்கத்தில் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது, கேப்டன் வந்துவிட்டார். அவருக்கென்று முதலாளி முந்தின நாளே அக்காவை ஒரு பெட்டி எடுத்துவரச் சொல்லித் தன் மேசையில் வைத்திருந்தாராம். இந்த அலமாரியிலிருந்து எடுத்ததுதான்.

அக்கா அலமாரிக் கதவைச் சாத்தினாள். சும்மா இருந்திருக்கலாம். பழியைத் தச்சர் மேல் போட்டிருக்கலாம், அதில் பொய்யும் இல்லை. அவள் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் போனாள். நான் உள் அறை வாசலில் தொங்கிய திரைக்குப் பின்னால் நின்றேன்.

"அய்யா, அந்தப் பெட்டியைக் குடுக்காதீங்க. வார்னிஷ் வாடை ஏறியிருக்கு."

முதலாளி பெட்டியைத் திறந்து முகர்ந்தார். புது அலமாரி வந்ததிலிருந்தே அவருக்கு ஜலதோஷத்தில் மூக்கடைப்பு, அன்றைக்குத்தான் மூக்கு திறந்திருந்தது. "நேத்து நீதானம்மா எடுத்துக் குடுத்தே? உனக்குத் தெரியலையா?"

"எனக்கு வாசனையே தெரியாதுங்கய்யா. போன வருஷக் காய்ச்சலோட போச்சு."

கேப்டன் ஒரு சுருட்டை எடுத்து மோந்தார். "கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கிற வாடை. இதைப் பத்த வச்சா நான் திரும்ப வேலைக்குப் போயிடுவேன் போல" என்றார். நல்ல மனிதர், சூட்டைத் தணிக்கப் பார்த்தார். முதலாளி சிரிக்கவில்லை.

"அப்ப இத்தனை நாளா யாரு பாத்தது?"

நான் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். முதலாளி என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "வீட்டுக்குப் போங்க. நாளைக்குப் பேசிக்கலாம்" என்றார். பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். இறங்கும்போது மட்டும், "நீ ஏன்டி வெளிய வந்த" என்றாள்.

மறுநாள் முதலாளி சத்தம் போடவில்லை. அக்கா வேலையில் இருக்கலாம் என்றார். சாவியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

புது அலமாரி தச்சரிடம் திரும்பிப் போய்விட்டது, இன்னும் வரவில்லை. அதில் வைத்த சுருட்டுகள் விற்பனைக்கு ஆகாமல் ஒரு மூலையில் கிடக்கின்றன. பழைய அலமாரிகளுக்கு அக்காதான் தண்ணீர் வைக்கிறாள், முள் பார்க்கிறாள். அவள் பார்த்து முடித்த பிறகு முதலாளி வந்து ஒவ்வொன்றாகத் திறந்து மோந்துவிட்டுப் போகிறார். அந்த நேரம் அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். வாசனை திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இதுவரை வரவில்லை. முதலாளி என்றைக்கு வேலையை விட்டு நிற்கச் சொல்வார் என்று தெரியாமல் அக்கா தினமும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள்.