கீழ் ஓரத்து மங்கல்

வலக்கண்ணை இறுக மூடிக்கொண்டு, கன்னம் தரையில் படாத குறையாகக் குனிந்து, பதித்த டைல்ஸ் வரிசையை இடக்கண்ணால் நீளநெடுகப் பார்க்கிறார் மேஸ்திரி. பிறகு, கல்லும் கல்லும் சேரும் இடுக்கில் நகத்தை ஓட்டுகிறார். "மூணாவது கல்லு முழிச்சிக்கிட்டு நிக்குது, தட்டு." கூட வேலை செய்யும் மச்சான் ரப்பர் சுத்தியலால் தட்டுகிறார். மச்சானுக்கு அந்தக் கல்லில் ஒரு குறையும் தெரியாது. தெரிந்த மாதிரி தலையாட்டுவது இருபது வருடப் பழக்கம்.

நகம் ஓட்டுவது மட்டும் புதிது.

மேஸ்திரிக்கு வயது ஐம்பத்திரண்டு. தொழிலில் பொய் கிடையாது. சர்க்கரை விஷயத்தில் பொய்யைத் தவிர வேறு கிடையாது. "மாத்திரை போட்டாச்சு" என்பார். அது சட்டைப் பையிலிருந்து, துவைக்கும்போது மாவாகக் கரைந்து வரும்.

இரண்டு வருடத்துக்கு முன், நாலு பெட்டி டைல்ஸை ஆட்டோவில் ஏற்றிக் கடையில் கொண்டுபோய் இறக்கினார். "கீழ் ஓரம் பூரா மங்கல். இதை எவன் தலையில கட்டப் பாக்குற?"

கடைக்காரர் ஒரு கல்லைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினார். "இப்ப எந்த ஓரம்ணே மங்கல்?"

"கீழ் ஓரம்."

மறுபடி திருப்பினார். "இப்ப?"

அதுவரை வழக்கம்போல வலக்கண்ணை மூடித்தான் பார்த்திருந்தார் மேஸ்திரி. இப்போது இடக்கண்ணை மூடி, வலக்கண்ணைத் திறந்தார். கல் பளிச்சென்று இருந்தது.

கண்ணுக்குப் பின்னாலுள்ள நரம்பு சர்க்கரையால் வீங்கியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. வீக்கம் வடிய ஏழு மாதம் ஆயிற்று. பார்வை பெரும்பாலும் திரும்பிவிட்டது. இடக்கண்ணில் கீழ்ப்பக்கமாக ஒரு சாம்பல் நிழல் மட்டும் குடியிருக்கிறது. அது வளர்ந்தால் தொழில் போச்சு. அதனால் குளியலறை, படிக்கட்டு என்று ஒரு வாரத்தில் முடிகிற வேலைக்கு மட்டும்தான் ஒப்புக்கொள்வார். "பாதியில விட்டா, அடுத்து வர்றவன் என் கோட்டைப் பாத்துச் சிரிப்பான்டா" என்பார் மச்சானிடம்.

இன்று காலை டாக்டரம்மா கண்ணின் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "நிழல் போகாது மேஸ்திரி. ஆனா இத்தனை நாள்ல இம்மிகூட வளரல. வீக்கமும் திரும்பி வரல. மாத்திரைய விடாம சாப்பிடுங்க, இனிமே ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்தா போதும்."

மனைவி கூட வந்திருந்தார். நிம்மதியை மறைக்க அவருக்குக் கோபம்தான் கைகொடுத்தது. "நல்லா கேட்டுக்கங்க. சாப்பிடத்தான் சொல்றாங்க, சட்டைக்கு ஊட்டச் சொல்லல."

மேஸ்திரி சிரித்துத் தொலைத்தார்.

மத்தியானம் வேலைக்கு வந்தவரிடம், வேலை நடக்கும் வீட்டின் சொந்தக்காரம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். "குளியலறை முடியப் போகுது. கூடமும் மத்த ரூமும் ஒன்றரை மாசம் இழுக்குமே, வேற ஆள் பாத்துடட்டுமா?"

மேஸ்திரி எழுந்து கூடத்துக்கு வந்தார். கல் பதிக்கக் கோடு போடும், நீலப் பொடி தோய்த்த நூலின் ஒரு முனையை மச்சான் கையில் கொடுத்து, கூடத்தின் அந்தக் கோடிக்கு விரட்டினார். இந்த முனையைக் கட்டைவிரலால் தரையோடு அழுத்திக்கொண்டு, நூலை இழுத்துச் சுண்டினார். முப்பதடிக்கும் ஒரே கோடாக விழுந்தது.