அவன் காதில் விழுந்த சொல்

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் மொழிப்பாடம் நடத்துகிறேன். வெளிமாநிலத் தொழிலாளர்களும் உள்ளூர் மேற்பார்வையாளர்களும் வேலையிடத்தில் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பது என் ஆய்வு. சில வருடம் போபாலில் இருந்ததால் இந்தி தெரியும். அதனால்தான் நாங்குநேரிக்குத் தெற்கே காற்றாலை நிறுவும் கம்பெனி ஒன்று, தன் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க என்னைக் கூப்பிட்டது.

நான் போனபோது வகுப்புக்கு யாரும் உட்காரவில்லை. தகரக் கொட்டகையின் வாசலை மறித்து ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் நின்றார்கள். உள்ளே திசையன்விளைக்காரரான மேற்பார்வையாளர் வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் உள்ளூர் ஆட்கள்.

காலையில் கிரேன் தூக்கிய காற்றாலை இறக்கையைக் காற்று திருப்பியிருக்கிறது. அது ஆடாமலிருக்கக் கீழிருந்து கயிறு பிடித்திருந்த தொழிலாளியைத் தரதரவென்று இழுத்துப்போய்க் கற்குவியலில் மோதவிட்டது. தோள் எலும்பு முறிந்து அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். வாசலில் முன்னால் நின்றவன் அவன் அண்ணன்.

"இவர் என் தம்பியைக் கொல்லப் பார்த்தார்" என்று இந்தியில் சொன்னான்.

"என்ன சொல்லுதான் மேடம்?" என்று மேற்பார்வையாளர் கேட்டார்.

மழுப்பிச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னதை அப்படியே சொன்னேன். உள்ளூர் ஆட்கள் எழுந்துவிட்டார்கள். ஒருவன் கையில் ஸ்பேனர் இருந்தது.

"உக்காருங்கலே" என்று அவர்களை அதட்டிவிட்டு மேற்பார்வையாளர் என்னைப் பார்த்தார். "நான் விடுலே, விடுலேன்னு கத்துதேன். அவன் கயித்தக் கையில சுத்திக்கிட்டு நிக்கான். நான் என்ன செய்ய?"

அதை இந்தியில் சொன்னேன். அண்ணன் தலையை ஆட்டி மறுத்தான். "பொய். 'லே, லே' என்றுதான் கத்தினார். நானும் கேட்டேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பக்கத்தில் 'லே' என்பது 'டா' மாதிரி; இந்தியில் 'லே' என்றால் 'எடு', 'பிடித்துக்கொள்'. காற்றிலும் கிரேன் இரைச்சலிலும் கடைசி எழுத்து மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இரண்டு பக்கத்துக்கும் விளக்கினேன். "அப்போ நான் கத்தக் கத்த இறுக்கிப் பிடிச்சிருக்கானா?" என்று மேற்பார்வையாளர் கேட்டார். அண்ணனின் முகம் இளகவில்லை. ஆனால் வாசலை விட்டு விலகினான்.

சாயங்காலம் நானும் மேற்பார்வையாளரும் அண்ணனும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கட்டுப்போட்ட தோளோடு கிடந்தவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "கவனக்குறைவாக இருந்தேன் என்று எங்களை வேலைக்குக் கூட்டிவந்த கான்ட்ராக்டர் எங்கள் வீட்டுக்குச் சொல்லியிருக்கிறார். அவருக்கு அப்படிச் சொன்னது யார்?"

நான் தமிழில் சொன்னதும் மேற்பார்வையாளர் சுவரைப் பார்த்தார். அவர்தான் சொல்லியிருந்தார். போனை எடுத்துக் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, காலையில சொன்னது தப்பு. பையன் மேல குத்தமில்ல. எங்க பேச்சு அவனுக்கு வேற மாதிரி கேட்டிருக்கு. அவங்க வீட்டுல இப்பமே சொல்லிருங்க."

மறுமுனையில் ஏதோ சத்தம் போட்டார்கள். "எழுதியும் தாரேன்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

அடுத்த வாரம் வகுப்பு நடந்தது. கயிற்றை விடுவதற்கு ஒரு விசில், பிடிக்க இரண்டு விசில் என்று இரு தரப்பும் சேர்ந்து முடிவு செய்தார்கள். தம்பி தோள் ஆறியதும் ஊருக்குப் போனவன், திரும்பவில்லை. அண்ணன் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறான். மேற்பார்வையாளரோடு அவன் வேலையைத் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை.