கோளாறு மேலே இருந்தது

அக்கா மறைந்து ஓராண்டு நிறைவடையும் இந்நாளில் எங்கள் வீடு தேடி வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

இந்த நினைவு மலருக்குக் கட்டுரை எழுதும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்த பெரியப்பா, மாதிரிக்காக வேறு குடும்பங்களின் மூன்று மலர்களைக் கொடுத்தார். மூன்றிலும் இறந்தவர்கள் பொறுமையே உருவானவர்கள். யாரையும் கடிந்து ஒரு சொல் சொல்லாதவர்கள். என் அக்கா அப்படிப்பட்டவர் அல்ல. அக்கா கோபக்காரர். அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தில், இதைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்குப் பங்கு உண்டு. எல்லோரையும்விட எனக்கு அதிகம்.

அக்கா சோமனூரில் பிறந்தார். அப்பா கூலிக்கு விசைத்தறி ஓட்டியவர். அக்கா எட்டாம் வகுப்பு முடித்த கோடையில் அப்பா காலமானார். அம்மா எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு திருப்பூருக்கு வந்தார். அக்கா ஒரு பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டும் வேலைக்குச் சேர்ந்தார். நாள் முழுக்கக் கத்தரி பிடித்ததில் கட்டைவிரல் காய்த்துப்போனது. நான் பத்தாவது வரை படித்தது அந்தக் கையால்தான். பிறகு தையல் பழகி டெய்லர் ஆனார். தைப்பதோடு நிற்கவில்லை. மெஷின் நின்றுவிட்டால் மற்றவர்கள் மெக்கானிக் வரும்வரை ஊர்க்கதை பேசுவார்கள். அக்கா தலையைச் சாய்த்து அதன் வயிற்றுக்குள் பார்த்துக்கொண்டிருப்பார். எது எதைத் தள்ளுகிறது, எது எதைப் பிடிக்கிறது என்பதெல்லாம் பார்த்துப் பார்த்தே அவருக்குத் தெரிந்திருந்தது.

எண்பதுகளின் கடைசியில் அருள்புரத்தில் நம் உறவினர் ஒருவர் ஏற்றுமதிக் கம்பெனி தொடங்கினார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. முதலாளி என்றே குறிப்பிடுகிறேன். அக்கா அங்கே டெய்லர். நான் தைத்து வரும் துணியைச் சரிபார்க்கும் செக்கிங் பிரிவில்.

காலர் வைத்த டி-ஷர்ட்டுக்கு மார்பில் பட்டன் பட்டி தைக்கும் வரிசையில் அக்காவோடு பதினாறு பெண்கள் இருந்தார்கள். அக்காவுக்கு அடுத்த மெஷின் மும்தாஜுக்கு. பத்தொன்பது வயது. இருவரும் மதியச் சோற்றைப் பகிர்ந்து உண்பவர்கள். சரக்குக் கப்பலேற வேண்டிய நாள் நெருங்கிய சமயத்தில் முதலாளி மலிவான நூல் ஒன்றை வாங்கி இறக்கினார். அதைப் போட்டு ஓட்டத் தொடங்கிய பிறகு துணிகள் கெட்டுப்போய் வந்தன. மேல்பக்கம் தையல் நேராகத் தெரியும். திருப்பிப் பார்த்தால் அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சுருண்டு கிடக்கும். சில இடங்களில் மெஷின் துணியையே கவ்விக்கொண்டு விடாது.

மெக்கானிக் வந்தார். "அடியிலதான சிக்குது? அப்பப் பாபின்லதான் கோளாறு. இந்தப் பொம்பளைங்களுக்குப் பாபின் போடத் தெரியல" என்றார். பதினேழு மெஷினிலும் பாபின் கூட்டில் இருக்கும் அடிநூல் திருகை இறுக்கிவிட்டுப் போனார். சிக்கு அதிகமானது.

அக்கா எழுந்து நின்று சொன்னார். "அடியில சிக்குச்சுன்னா கோளாறு மேலீங்கண்ணா. மேல்நூலப் பிடிக்கற தட்டு பிடிக்கலீங்க. நூல் லூசா எறங்கி அடியில குமியுது. இந்த நூலு பஞ்சாக் கொட்டுது, அது தட்டுக்குள்ள போயி அடைச்சிருக்குது. கழட்டித் தொடச்சு, நூல மாத்துனாச் செரியாப் போகுமுங்க."

"நீ மெக்கானிக்கா, நானு மெக்கானிக்கா?" என்று கேட்டார் அவர்.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். பதினேழு மெஷினையும் நிறுத்தித் துடைக்க அரை நாள் ஆகும் என்று தெரிந்ததும் முகம் சுருங்கியது. "உம்பட வேல தைக்கறது, தையி. எவளாச்சும் தட்டுல கை வெச்சா அன்னைக்கே ஊட்டுக்குப் போயிரோணும்" என்றார்.

அடுத்த நாள் மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன் மும்தாஜின் மெஷின் சிக்கியது. எங்கே சிக்கியது என்று பார்க்கக் குனிந்தபடியே மிதியை அழுத்தினார். ஊசி ஒடிந்து தெறித்தது. ஒரு துண்டு அவரது இடது கண்ணுக்குள் போய்விட்டது.

அக்காதான் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்தக் கண் பிழைக்கவில்லை.

இனி நான் எழுதப்போவது அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டியது. அன்று மாலை, முதலாளி சொன்னபடி, மெக்கானிக் பதினேழு மெஷினின் தட்டுகளையும் கழற்றித் துடைத்து மாட்டினார். ஒவ்வொன்றிலிருந்தும் வந்த பஞ்சை நான் கண்ணால் பார்த்தேன். அந்த நூல் கோன்கள் இருந்த பெட்டிகளை ஸ்டோரின் பின்னறைக்குத் தூக்கிச் சென்று சாக்குப் போட்டு மூடியவன் நான்தான்.

மறுநாள் காலையில் ஒரு தாள் வந்தது. மெஷின்கள் நல்ல நிலையில் இருந்தன, மும்தாஜ் தன் கவனக்குறைவால் காயப்பட்டார் என்று அதில் எழுதியிருந்தது. வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். அக்கா போடவில்லை. அன்றோடு வேலை போனது.

அந்த வாரம் எங்கள் வீட்டுக்கு எத்தனை பேர் வந்தீர்கள்! அம்மா காப்பி போட்டுப் போட்டு ஓய்ந்துபோனார். அக்காவுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் முதலாளிக்கு மிகவும் வேண்டியவர்கள்.

"ஒரு கையெழுத்துத்தான கண்ணு. போட்டுட்டு உன்ற பொழப்பப் பாரு" என்றார் பெரியப்பா.

"அந்தப் புள்ளைக்குக் கண்ணு போயிருச்சுங்க பெரீப்பா. அவ மேலதான் தப்புன்னு நானு எழுதிக் குடுக்கோணுமா?"

"அவங்க யாரோ, நம்ம யாரோ. நம்ம சாதிசனத்தப் பகைச்சுக்கிட்டு நாளைக்கு எங்க போயி நிப்பே?"

"யாரோ இல்லீங்க. தெனமும் எம்பக்கத்துல உக்காந்து சோறு திங்கறவ."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான், "போட்டுரு அக்கா" என்றேன். அக்கா அன்றைக்கே மும்தாஜின் அப்பாவோடு உட்கார்ந்து தொழிலாளர் துறைக்குப் புகார் எழுதிக் கொடுத்தார்.

சில வாரங்கள் கழித்து ஓர் அதிகாரி விசாரணைக்கு வந்தார். மும்தாஜ் கண்ணில் கட்டோடு அப்பாவுடன் வந்திருந்தார். மெஷின்கள் அருமையாக ஓடின. முதலாளி பெருமையாகத் தைத்துக் காட்டச் சொன்னார். அதிகாரி துணியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானம்மா இருக்கு?" என்றார்.

"இப்ப இருக்குமுங்க சார். தொடச்சு, வேற நூல் போட்டிருக்கறாங்க. அன்னைக்குப் போட்ட நூலப் போட்டு ஓட்டச் சொல்லுங்க."

"அந்த நூலெல்லாம் தீந்துபோச்சுங்க" என்றார் முதலாளி.

"இல்லீங்க சார், ஸ்டோர்ல இருக்குது. எங்க வெச்சிருக்குதுன்னு என்ற தம்பிக்குத் தெரியும்."

அக்கா எப்படி யூகித்தாரோ, எனக்குத் தெரியாது. என்னை நம்பித்தான் சொன்னார் என்பது மட்டும் தெரியும். அதிகாரி என் பக்கம் திரும்பினார். முதலாளியும் பார்த்தார். நான் சொன்னேன்: "எனக்குத் தெரியாதுங்க."

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது மும்தாஜ் அப்பாவின் கையை விட்டுவிட்டு, ஒற்றைக் கண்ணோடு சுவரைத் தடவியபடி ஸ்டோருக்குள் போனார். உள்ளே பெட்டிகள் உருளும் சத்தம் கேட்டது. யாரும் உதவப் போகவில்லை. திரும்பி வரும்போது நெஞ்சோடு அணைத்து இரண்டு கோன்கள் வைத்திருந்தார்.

அக்கா மெஷினில் உட்கார்ந்தார். தைத்தார். பட்டிமேல் பட்டியாகத் தைத்துக்கொண்டே இருந்தார். முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. முதலாளி சிரித்தார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "பொறுங்க சார்" என்றார் அக்கா. சாப்பாட்டு மணி அடித்தும் எழவில்லை. அதற்குப் பிறகு ஒரு பட்டியைத் திருப்பி நீட்டினார். அடியில் முதல் கொத்து விழுந்திருந்தது. அடுத்ததில் மூன்று.

"இப்ப உங்க மெக்கானிக் அன்னைக்குச் செஞ்ச மாதரியே செய்யச் சொல்லுங்க சார்."

மெக்கானிக் வேறு வழியில்லாமல் அடிநூல் திருகை இறுக்கினார். அக்கா ஒரு கையால் தன் முகத்தை மறைத்துக்கொண்டு, "எல்லாரும் பின்னாடி போங்க. சார், நீங்களும்" என்றார். மிதியை அழுத்தினார். மெஷின் உறுமி, துணியைக் கவ்வி, ஊசி படீரென்று ஒடிந்தது. துண்டு போய்ச் சுவரில் பட்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மும்தாஜின் அப்பா அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அக்கா மேல்நூல் தட்டைக் கழற்றினார். உள்ளே அடைந்திருந்த பஞ்சை எடுத்து அதிகாரியின் உள்ளங்கையில் வைத்தார். தட்டைத் துடைத்து மாட்டினார். திருகைத் தளர்த்தினார். புது ஊசி போட்டு ஒரு பட்டி தைத்தார். இரு பக்கமும் சுத்தமாக இருந்தது. "இவ்வளவுதானுங்க சார். அரை நாள் நிறுத்தியிருந்தா அவளுக்குக் கண்ணு இருந்திருக்கும்" என்றார். குரல் நடுங்கியது. அது அழுகையில் அல்ல.

அதிகாரி நேர்மையானவர். பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார். மும்தாஜுக்குச் சேர வேண்டியது கம்பெனியிலிருந்து சேர்ந்தது. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத் தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு கம்பெனியும் அக்காவை வேலைக்கு வைக்கவில்லை. "கேஸ் போட்டவ" என்ற பெயர் பல்லடம் ரோடு முழுக்க அவருக்கு முன்னால் போனது. அதைச் சுமந்து சென்ற வாய்களில் பாதி நம் வாய்கள். விசேஷ வீடுகளில் அக்கா உட்கார்ந்த பந்தியில் பக்கத்து இலை காலியாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதே ஆண்டு என்னைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். பிறகு மேனேஜர். என் கல்யாணத்தை முதலாளியே முன்னின்று நடத்தினார். மேடைக்கு வந்து அட்சதை போட்ட அக்கா, சாப்பிடாமல் போய்விட்டார்.

அதன்பின் பத்தாண்டுகள் அக்கா மெஷின் பழுது பார்த்தே பிழைத்தார். வீடுகளில் இரண்டு, மூன்று மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்யும் பெண்கள் அவரைத் தேடி வந்தார்கள். ஒரு ரெக்சின் பையோடு டவுன் பஸ்ஸில் போவார். சரி செய்து கொடுப்பார், கூடவே திட்டுவார். முகத்தைக் கிட்ட வைத்துத் தைக்கும் பெண்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. பல பெண்கள் அந்தத் திட்டை வாங்கி அழுதிருக்கிறார்கள். அக்கா ஒருபோதும் மன்னிப்புக் கேட்டதில்லை.

கடைசியில் வயிற்றில் கட்டி. கண்டுபிடித்தபோது காலம் கடந்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு பகலில் நாங்கள் தனியாக இருந்தபோது, "அக்கா, அன்னைக்கு ஸ்டோர்ல..." என்று ஆரம்பித்தேன்.

"எங்கிட்டச் சொல்லி என்ன ஆகுது? அவகிட்டச் சொன்னியா?" என்று கேட்டுவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அக்கா இறந்த அன்று மும்தாஜ் கணவரோடும் குழந்தைகளோடும் வந்து தலைமாட்டில் நின்றிருந்தார். முதலாளி பெரிய மாலையோடு வந்தார். நம்மவர்களில் ஒருவர், "வழி உடும்மா, முதலாளி வர்றாங்க" என்று மும்தாஜின் தோளைப் பிடித்துத் தெருப்பக்கம் நகர்த்தினார். முதலாளி மாலையைப் போட்டுவிட்டு, "எங்க கம்பெனில வளந்த புள்ளை. தங்கமான பொண்ணு" என்றார். சுற்றி நின்ற நீங்கள் தலையாட்டினீர்கள். நானும் அங்கேதான் நின்றேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் மும்தாஜின் வீட்டுக்குப் போனேன். கோன்களை மறைத்தது நான்தான் என்று சொன்னேன். அவர் அதிரவில்லை.

"தெரியுமுங்கண்ணா. சாக்கு மேல உங்க செக்கிங் சீட்டுக் கெடந்துச்சு. அக்காகிட்டச் சொல்லலீங்க. சொன்னாத் தாங்கமாட்டாங்கன்னு விட்டுட்டனுங்க."

நான் மன்னிப்புக் கேட்டேன். "அத எங்கிட்டக் கேக்காதீங்கண்ணா" என்றார். குழந்தையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர நேரமாகிறது என்று எழுந்துகொண்டார்.

இந்தக் கட்டுரையைப் பெரியப்பாவிடம் காட்டினேன். "இதெல்லாம் எழுதற எடமா இது? வேண்டாம் சாமி" என்றார். எழுதுகிற இடம் இதுதான். போன வாரம் கம்பெனியில் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டேன். இதில் பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. பத்து வருடத்துக்கும் மேல் தாமதம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். கடைசி நான்கு மாதம் நாள் தவறாமல் கஞ்சி கொண்டுவந்த மும்தாஜுக்கும், ஆஸ்பத்திரிக்கு அக்காவை ஏற்றி இறக்கிய அவர் கணவருக்கும், முறை வைத்துக்கொண்டு துணைக்கு வந்திருந்த ஜாப் ஒர்க் பெண்கள் அனைவருக்கும், உடம்பைக் குளிப்பாட்டிய ஆஸ்பத்திரி ஆயாம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவுக்காக நீங்கள் வந்தீர்கள். நாங்கள் வரவில்லை.

மற்றவர்களுக்கு: சாப்பாடு தயாராக இருக்கிறது. இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள். முதல் பந்தியில் மும்தாஜும் அந்தப் பெண்களும் உட்கார்ந்திருப்பார்கள். யாருக்காகவும் அவர்களை எழுப்ப மாட்டேன். கைகழுவிவிட்டு வந்து, அக்கா தங்கமானவர் என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.

தம்பி