டமார் தட்டும் விளிம்பு போன தட்டும்

என் நாத்தனாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதப் போகிறேன் என்று கேள்விப்பட்டால் என் வீட்டுக்காரர் நாற்காலியோடு சாய்ந்துவிடுவார். ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு அவளும் நானும் போடாத சண்டை கிடையாது. துணி காயப்போடும் கொடியில் யாருக்கு எந்தப் பக்கம் என்பதற்கே மாதக்கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்திருக்கிறோம். ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே, அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

அவள் என் வீட்டுக்காரருக்குத் தங்கை. கல்யாணம் வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்று, நினைத்ததைச் சாதித்து, எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கட்டிலும் ஒரு மேசையுமாகக் குடியிருக்கிறாள். உடையாத கண்ணாடித் தட்டு செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை. கம்பெனி எங்கோ தூரத்தில் இருக்கிறது. எங்கள் ஊரில் அந்தத் தட்டை விற்றுக் காட்ட வேண்டியது இவள் பாடு. இரும்புக் கடைக்கு மேலே ஓர் அறை, இரண்டு நாற்காலி, கடகடவென்று சுற்றும் ஒரு மின்விசிறி, சுவரோரம் கூரை முட்டும் அட்டைப் பெட்டிகள். அதுதான் அலுவலகம். அங்கே ராணியும் இவள்தான், கூட்டிப் பெருக்குகிறவளும் இவள்தான்.

கடைத்தெருவில் இவளுக்கு ‘டமார் அக்கா’ என்று பெயர். பாத்திரக் கடை வாசலில் நின்றுகொண்டு, கூட்டம் சேரும்வரை உரக்கப் பேசிவிட்டு, கையிலிருக்கும் தட்டை ஓங்கித் தரையில் போடுவாள். டமார் என்று விழும். சுழன்று சுழன்று ஆடி அடங்கும். எடுத்துக் காட்டினால் ஒரு கீறல் இருக்காது. பார்த்தவர்கள் கை தட்டுவார்கள். இந்த வித்தையைக் கம்பெனி சொல்லித் தரவில்லை, இவளாகக் கண்டுபிடித்தது. தலைமை அலுவலகம் இதைப் படம் எடுத்து மற்ற ஊர்களுக்கெல்லாம் அனுப்பியதாம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள், நாத்தனார் போட்டால் மட்டும் உடையவே உடையாது என்று நான் கேலி செய்வேன். அவளுக்குப் பெருமை தாங்காது.

கூட்டம் கூடியது. கை தட்டியது. அப்புறம் பக்கத்துக் கடைக்குப் போய்ப் பூப்போட்ட பீங்கான் தட்டை வாங்கிக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனது! வேடிக்கைக்கு இருக்கிற ஆள் வியாபாரத்துக்கு இல்லை. தலைமை அலுவலகம் நிறத்தை மாற்றியது, விலையைக் குறைத்தது, ஓரத்தில் பூங்கொடி வரைந்து பார்த்தது. ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அங்கிருந்த மேனேஜர் தொலைபேசியில் கூப்பிட்டு, இந்த விற்பனைப் பருவம் முடிவதற்குள் விற்பனை ஏறாவிட்டால் உங்கள் ஊர் அலுவலகத்தை மூடிவிடுவோம், நீங்கள் இங்கே வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

இங்கே என்றால் ரயிலில் ஒரு பகலும் ஒரு இரவும் போக வேண்டிய ஊர். இவள் அண்ணன் சாப்பிடாமல் எழுந்து போனார். பிள்ளைகள் அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் மட்டும், போனால் முன்னறை காலியாகும், தையல் மிஷினை அங்கே போட்டுக்கொள்ளலாம் என்றேன். என் வாய் அப்படி. அவள் போவதில் எனக்கும் இஷ்டமில்லை, அதை யாரிடம் சொல்ல?

அந்தச் சமயத்தில்தான் என் அப்பா எங்களைப் பார்க்க வந்தார். நான் கண்ணாடி அலமாரியைத் திறந்து, பழைய துணியில் சுற்றி வைத்திருந்த பீங்கான் தட்டை எடுத்துத் துடைத்து அவருக்குச் சாப்பாடு வைத்தேன். அவர் சாப்பிட்டுப் படுத்த பிறகு நாத்தனார் அடுப்படிக்கு வந்தாள். முகம் சரியில்லை.

“அண்ணி, என் தட்டு அத்தனை இருக்கே. மாமாவுக்கு ஏன் அதுல வைக்கல?”

நானும் அன்றைக்கு அலுத்துப் போயிருந்தேன். வந்ததைக் கொட்டிவிட்டேன்.

“ஊர் பார்க்கத் தரையில போட்டு அடிக்கிற தட்டு அது. அதுல எங்க அப்பாவுக்குச் சோறு வைக்கவா? நமக்குன்னா சரி. வந்தவங்களுக்கு உடையுற தட்டுலதான் வைக்கணும். பயந்து பயந்து எடுக்கிறோம் பாரு, அதுதான் மரியாதை.”

பதிலுக்கு ஒரு சண்டையை எதிர்பார்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அவளோ கழுவி வைத்திருந்த பீங்கான் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எடுத்த இடத்தில் மெதுவாக வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவளை வருத்திவிட்டோமே என்று எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மறுநாளிலிருந்து அவள் தட்டைப் போடவில்லை. வீடு வீடாகப் போனாள். எங்கள் தட்டை ஏன் வாங்கவில்லை என்று கேட்டால் ஆளுக்கு ஒரு சாக்குச் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதனால், உங்கள் வீட்டில் எந்தத் தட்டு யாருக்கு என்று மட்டும் கேட்டாளாம். வக்கீல் வீடு, வண்டி ஓட்டுகிறவர் வீடு, பெரிய வீடு, ஒற்றை அறை வீடு என்று பாகுபாடே இல்லை. எல்லா இடத்திலும் ஒரே வரிசை. அலமாரியில் பூட்டியிருப்பது விருந்தாளிக்கு. அடுத்து நல்லதாக இருப்பது வீட்டு ஆம்பளைக்கு. அப்புறம் பிள்ளைகளுக்கு. அடியில் விளிம்பு போன தட்டு ஒன்று இருக்கும். அது யாருக்கு என்று கேட்டால் அந்த வீட்டுப் பெண் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிடுவாளாம்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே என் எதிரில் உட்கார்ந்திருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். நான் அப்போதுதான் எல்லாருக்கும் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். அவள் கண் என் தட்டில் நின்றது. நீலக் கரை போட்ட பழைய பீங்கான் தட்டு, ஒரு பக்கம் விளிம்பு போனது. உடைந்த பக்கத்தை அந்தப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு சாப்பிடுவது என் வழக்கம். அவள் கொண்டுவந்து அடுக்கிய உடையாத தட்டு அலமாரி நிறைய இருக்கிறது. இருந்தும் நான் இதில்தான் சாப்பிடுகிறேன்! இத்தனை நாள் அவளும் கவனிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. ஏன் அண்ணி என்று கேட்டாள். தூக்கிப் போட மனசு வரவில்லை, இதில் வேறு யார் சாப்பிடுவார்கள் என்றேன். அதில் என்ன தப்பு? பாதிக்கு மேல் நன்றாகத்தானே இருக்கிறது.

அவள் அன்றைக்கே மேனேஜரிடம் பேசிவிட்டாள். மனுஷர் அடுத்த ரயிலில் வந்து இறங்கினார். எங்கள் வீட்டு முன்னறையில்தான் பேச்சு நடந்தது, நான் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் அங்கேயே நின்றுகொண்டேன். தட்டைப் போட்டுக் காட்டுவதை எல்லா ஊரிலும் நிறுத்த வேண்டும் என்றாள் இவள். நம் சரக்கின் சிறப்பே அதுதான், அதை ஆரம்பித்ததே நீங்கள்தான் என்றார் அவர். ஆமாம், ஆரம்பித்தவள் நான்தான், தப்பும் என்னுடையதுதான், சாப்பிடுகிற தட்டைக் கீழே போடுகிறவளிடம் யாரும் தட்டு வாங்க மாட்டார்கள் என்றாள். பேர் வாங்கித் தந்த வித்தையைத் தன் வாயாலேயே தப்பு என்று சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? எனக்கு வராது.

மேனேஜரும் கெட்டவர் இல்லை. யோசித்து, அப்படியானால் ‘அம்மா, இது உங்களுக்காக’ என்று ஊரெங்கும் பலகை வைக்கலாம் என்றார். இவள் அதற்கும் தலையாட்டவில்லை.

“தனக்குன்னு சொன்னா எந்த அம்மாவும் கடைப் படி ஏறமாட்டாங்க, சார். வீட்டுக்குன்னு சொன்னா வருவாங்க. பழசைத் தூக்கிப் போடுன்னு சொன்னா மனசு கேக்காது. மாத்திக்கோன்னு சொன்னா கேக்கும்.”

அவள் திட்டம் இவ்வளவுதான். விளிம்பு போன தட்டைக் கடையில் கொடுத்தால் புதுத் தட்டு செட்டாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். வீட்டில் இருக்கிற தலைகளைவிட அதில் இரண்டு தட்டு கூடுதலாக இருக்கும், வந்தவர்களுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் ஒரே மாதிரி வைக்கலாம். கடை நடுவில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, தட்டுகளை விருந்துக்கு வைப்பதுபோல் வைக்க வேண்டும். யாரும் எதையும் கீழே போடக் கூடாது. மேனேஜர் மோவாயைத் தடவிக்கொண்டே, பருவம் முடிகிறவரை உங்கள் இஷ்டம், அப்புறம் என் இஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெரிய பாத்திரக் கடையில் மேசை போட்டாயிற்று. மேசைக்குப் பக்கத்தில் விளிம்பு போன தட்டுகளுக்காக ஒரு பெரிய கூடை. கூடை காலியாகவே கிடந்தது. ஜனங்கள் வந்தார்கள், மேசையைப் பார்த்தார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள், கூடையைப் பார்த்ததும் நகர்ந்துவிட்டார்கள். ஒரு வாரம் போயிற்று, இன்னொரு வாரமும் போயிற்று. கடைக்காரர் கூடையை ஓரமாகத் தள்ளி வைக்கலாமா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்து, பரணில் கிடந்த தன் பயணப் பெட்டியைக் கீழே இறக்கித் தூசி தட்டினாள். “நான் நெனச்சது தப்பு, அண்ணி. முன்னறையில மிஷினைப் போட்டுக்கங்க” என்றாள். குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே சொன்னாள். இவள் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவேன்? என் வீட்டுக்காரரோடு போட முடியுமா, அவர் பதில் பேசினால்தானே!

அவள் நினைத்ததில் தப்பில்லை என்று எனக்குத் தெரியும். மாற்றிக்கொள்ள எல்லாருக்கும் ஆசைதான். ஆனால் விளிம்பு போன தட்டைத் தெருவில் எடுத்துக்கொண்டு போவது என்றால், நம் அடுப்படியைத் திறந்து ஊருக்குக் காட்டுகிற மாதிரி. முதலில் போக யாருக்குத் துணிச்சல் வரும்?

மறுநாள் காலையில் என் நீலக் கரைத் தட்டைக் கழுவினேன். பையில் போடவில்லை. கையில் பிடித்துக்கொண்டு, உடைந்த பக்கம் வெளியே தெரிய, கடைத்தெரு வழியே நடந்தேன். தையல்கடைக்காரர் பார்த்தார், மருந்துக் கடைப் பெண் பார்த்தாள். பார்க்கட்டும் என்று போனேன், ஆனால் காது இரண்டும் சுட்டது. பாத்திரக் கடையில் நல்ல கூட்டம். நாத்தனார் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். நான் அவளிடம் பேசவில்லை, அங்கிருந்த பெண்களிடம்தான் பேசினேன். என் குரல் ஏற்கெனவே பெரிய குரல், கடை முழுக்கக் கேட்டது.

“இது எங்க வீட்டுத் தட்டு. எல்லாரும் சாப்பிட்டப்புறம் நான் இதுலதான் சாப்பிடறேன். உங்க வீட்டுல நீங்க எதுல சாப்பிடறீங்க?”

தட்டைக் கூடையில் வைத்தேன். எங்கள் தெரு டீச்சர் ஒருத்தி, கறாரான பெண், யாரிடமும் அதிகம் பேசாதவள், என் தட்டை எட்டிப் பார்த்தாள். “எங்க வீட்டுல பச்சைக் கரை” என்றாள். பக்கத்தில் நின்றவள் சிரித்துவிட்டாள். தன் வீட்டுத் தட்டில் விளிம்பு போனது மட்டும் இல்லை, நடுவில் விரிசலும் உண்டு என்றாள். அப்புறம் ஒருத்தி சொல்ல இன்னொருத்தி சொல்ல, ஒரே பேச்சு.

இத்தோடு நான் செய்தது முடிந்தது. மற்றதெல்லாம் அவள் செய்தது. தனியாகத் தட்டோடு வரத்தான் கூச்சம், கூட்டமாக வந்தால் கூச்சமில்லை என்று அந்த ஒரு காட்சியிலேயே பிடித்துக்கொண்டுவிட்டாள். கூடையைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தெருத் தெருவாகக் கொண்டுபோனாள். முதல் வீட்டு வாசலில் என் தட்டைக் காட்டி, இது எங்கள் அண்ணி தட்டு என்பாளாம். பெண்கள் உள்ளே போய் அவரவர் தட்டோடு வந்தார்கள். சில வீட்டில் புருஷன்மார் அப்போதுதான் அந்தத் தட்டையே முதல் முறையாகப் பார்த்தார்கள். சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்கு வந்து வாங்கிப் போனார்கள். கூடை நிறைந்து, இன்னொரு கூடை வைத்து, அதுவும் நிறைந்தது. கை தட்ட ஒருவரும் இல்லை, ஆனால் அட்டைப் பெட்டிகள் காலியாகிக்கொண்டே வந்தன.

பருவம் முடிந்ததும் மேனேஜர் வந்தார். கூடைகளுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். இந்த ஊர் அலுவலகம் இருக்கும், டமார் படத்தை எல்லா ஊரிலும் நிறுத்தியாயிற்று என்று சொன்னார். இந்த யோசனை எப்படித் தோன்றியது என்று கேட்டவரிடம், நான் என்ன கண்டேன், எங்கள் அண்ணி கோபத்தில் சொன்னார்கள், அண்ணி வெட்கத்தை விட்டு நடந்தார்கள், நான் பின்னால் வண்டி தள்ளினேன் என்றாளாம் இவள். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெட்டி அன்றைக்கே பரணுக்கு ஏறியது, ஏற்றியது நான்தான்.

அடுத்த முறை அப்பா வந்தபோது நான் கண்ணாடி அலமாரியைத் திறக்கவில்லை. புதுத் தட்டுகளைத் துடைத்து எல்லாருக்கும் ஒரே மாதிரி மேசையில் வைக்கச் சொன்னேன், எனக்கும் சேர்த்து. நாத்தனார்தான் வைத்தாள். என்ன அவசரமோ, ஈரக் கையோ, ஒரு தட்டு நழுவி டமார் என்று தரையில் விழுந்து சுழன்றது. அப்பா திடுக்கிட்டுத் திரும்பினார். தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கூட்டத்துக்கு நடுவே தட்டை ஓங்கிப் போட்டவள், அதை இரண்டு கையாலும் எடுத்து, குழாயடிக்குப் போய்த் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துத் தன் இடத்தில் வைத்துக்கொண்டாள். கீழே விழுந்த தட்டை அப்பாவுக்கு வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. எனக்கு வைக்கவும் வரவில்லை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் விட்டுவிடுவேனா? இந்த வீட்டில் மறுபடியும் அந்த வரிசை ஆரம்பிக்க வேண்டாம் என்று, அவள் முன்னால் இருந்த தட்டைப் பிடுங்கி அவள் அண்ணன் முன்னால் வைத்துவிட்டு, அவர் தட்டை அவளிடம் தள்ளினேன். அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், இரண்டு பேருக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. என்ன சிரிப்பு என்று அப்பா கேட்டார். ஒன்றுமில்லை, சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு நானும் அவர்களோடு உட்கார்ந்துகொண்டேன். என் வீட்டுக்காரர் எதையும் கவனிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் போடு என்று அந்தத் தட்டையே நீட்டினார்.